கை நனைத்த வெந்நீர்

எங்கள் மருத்துவமனையில் எனக்குச் 'சோப்பு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளியதும் உள்ளே யாராவது ஒரு பெண் "சோப்பு வருது, சோப்பு வருது" என்று கிசுகிசுப்பதும், உடனே குழாய் திறக்கிற சத்தம் கேட்பதும் பல வருடங்களாக நடந்துவருகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. பேய், பிசாசு என்று வைக்காமல் சோப்பு என்று வைத்தார்களே, அதுவே பெரிய மரியாதை.

என் வேலை கிருமித் தடுப்பு. ஒருவர் எந்த வியாதியோடு உள்ளே வந்தாரோ அந்த வியாதியோடு மட்டும் போராடினால் போதும். நாங்கள் புதிதாக ஒன்றை அவர் தலையில் கட்டி அனுப்பக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு நர்ஸ் தனியாக வேண்டும் என்று கொரோனாவுக்கு முன்பே எங்கள் மருத்துவமனையில் முடிவெடுத்து, என்னைக் கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எல்லார் மேலும் எரிந்து விழும் சுபாவம் எனக்கு ஏற்கெனவே இருந்ததால் பயிற்சி சுலபமாக முடிந்தது.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் விதி, நோயாளியைத் தொடுகிறவர் கையில் முழங்கைக்குக் கீழே துணியோ வளையலோ கடிகாரமோ இருக்கக் கூடாது என்பது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது சுலபம். டிசம்பர் மாதம் குன்னூரில், புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில், பேருந்தை விட்டு இறங்கி நடுங்கிக்கொண்டே வரும் ஒரு பெண்ணிடம் ஸ்வெட்டரைக் கழற்று என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். முதல் மாதம் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. பிறகு ஒரு பெண் தன் ஸ்வெட்டரின் கைகளை முழங்கையோடு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாரும் அவளைத் திட்டினார்கள், ஏனென்றால் அடுத்த வாரம் அவர்களும் வெட்ட வேண்டியதாயிற்று.

ஸ்வெட்டரைவிடப் பெரிய சங்கடம் தண்ணீர். எங்கள் பிரிவில் ஆறு படுக்கைகள், கையலம்பும் தொட்டி ஒன்று. குளிர்காலத்தில் அந்தக் குழாயில் கையை நீட்டினால் விரல் மரத்துப்போகும். அந்தக் கையோடு போய் நோயாளியைத் தொட்டால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். மயக்க மருந்தில் கிடப்பவரின் இதயத் துடிப்புகூட எகிறுவதை மானிட்டரில் பார்த்திருக்கிறேன். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில், ஹீட்டரை ஒட்டி, ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, அந்த வெந்நீரில் ஒரு நிமிடம் கையை வைத்து, சூடு ஏறியதும் துடைத்துக்கொண்டு நோயாளியிடம் போவோம். கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் முதல் வாரம் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் அவர்கள்தான் கையை எடுக்க மனமில்லாமல் நிற்பார்கள்.

சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில், இரண்டாவது படுக்கையில் இருந்த காய்கறி மண்டிக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. குடல் அறுவை முடிந்து, இனி நாளைக்கோ மறுநாளோ வார்டுக்குப் போய்விடுவார் என்றிருந்த மனிதர். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. சளியை எடுத்துக் கோயம்புத்தூர் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். அந்த மாதிரிப் பரிசோதனைக்கு எங்களிடம் வசதியில்லை. காலையில் வண்டி மலையிறங்கிப் போகும், மூன்றாம் நாள் போனில் பதில் வரும். பதில் வந்தது: சூடோமோனாஸ். முக்கால்வாசி மருந்துகளுக்கு மசியாத ரகம்.

இது வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவரும் கிருமியில்லை. பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே குடியிருந்து, உடம்பில் தெம்பில்லாதவராகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மண்டிக்காரர் மூன்று வாரம் அதிகமாகக் கிடந்து பிழைத்தார். அவர் இருக்கும்போதே ஐந்தாவது படுக்கையில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவருக்கும் அதே கிருமி. அவரும் தப்பித்தார், ஆனால் எலும்பும் தோலுமாகத்தான் வீட்டுக்குப் போனார். எங்கள் பிரிவின் டாக்டர் திருப்பூர்க்காரர், சின்ன வயது, எதற்கும் குரலை உயர்த்தாதவர். அவர் அந்தக் கிருமிக்கு "நம்ம ஆள்" என்று பேர் வைத்தார். "சிஸ்டர், நம்ம ஆள் எங்கியோ பாய் போட்டுப் படுத்திருக்கறான். கண்டுபுடிங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் நாலாவது படுக்கைக்கு அந்தப் பெண் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவர், நாற்பது வயது இருக்கலாம். பனிமூட்டத்தில் செடிக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நிற்பது தெரியாமல் போய்விட்டார். அது ஒரு முட்டு முட்டிவிட்டுத் தன் வழியே போய்விட்டது. விலா எலும்புகள் பல உடைந்து, நுரையீரலில் அடி. தொண்டையில் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தோம். எலும்பு தானாகக் கூடிவிடும், அதுவரை இயந்திரம் மூச்சு விடட்டும் என்பதுதான் கணக்கு. அதற்குள் நம்ம ஆள் அவர் நுரையீரலுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை.

அவருடைய கணவர் அதே எஸ்டேட்டின் டீ பேக்டரியில் வேலை செய்பவர். ஒல்லியான மனிதர், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவர். பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் நாலரை. முதல் நாள் கதவருகே நின்று என்னைக் கேட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், பொழச்சுக்குவாளுங்களா?"

"அத டாக்டர் சொல்லுவாருங்க. மொதல்ல கையக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். உள்ளங்கை ரேகைகளிலும் நக இடுக்கிலும் கருஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது.

"இதென்னங்க இத்தன அழுக்கு?"

"அழுக்கில்லீங்க, தேயிலைக் கறைங்க. பதினெட்டு வருசமாப் பேக்டரியில இருக்கறனுங்க. எத்தன கழுவுனாலும் போகாதுங்க."

"போற வரைக்கும் கழுவுங்க. உள்ள கெடக்கறவங்களுக்கு ஒடம்புல சக்தி இல்ல. வெளிய இருந்து வர்ற கைதான் அவங்களுக்கு எமன். தெரியுதுங்களா?"

தலையாட்டினார். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். உள்ளே போய் மனைவியின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுவிட்டு வந்தார். நான் பேசியது எனக்கு அன்றைக்கே மறந்துபோயிற்று. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற வசனம் அது.

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. குழாயில் உறிஞ்சி எடுத்த சளி பச்சையாக இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே வேறு எதற்கும் மசியாதபோது கொடுக்கும் கடைசி மருந்தை அவர் தொடங்கிவிட்டார். கிருமியைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தையும் சும்மா விடாது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மணிக்கொரு தரம் போய்ப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. மூன்றாம் நாள் போன் வந்தது. நம்ம ஆள்தான்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. சூடோமோனாஸ் ஈரத்தில் பிழைக்கிற கிருமி. தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே தேடு என்று பாடத்தில் இருக்கிறது. மண்டிக்காரருக்கு வந்தபோதே ஒரு முறை தேடியிருந்தேன். இப்போது மறுபடியும் தேடினேன். குழாயின் வாய், தொட்டியின் துளை, ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டில், வெண்டிலேட்டர் குழாயில் கோத்திருக்கும் நீர்த்துளி, சளி உறிஞ்சும் ஜாடி, நோயாளிக்கு வாய் துடைக்கும் கிண்ணம் என்று ஒவ்வொன்றையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துத் துடைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். வண்டி ஓட்டுபவர், "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் அனுப்புனா சுவரையும் பேத்துக் கொண்டுபோயிரலாமுங்க" என்றார். தொட்டியின் துளையில் வேறு என்னென்னவோ இருந்தன. நம்ம ஆள் இல்லை.

பொருளில் இல்லையென்றால் ஆளிடம் இருக்க வேண்டும். தரை துடைக்கும் அக்காதான் பிளீச்சிங் கரைசலில் தண்ணீரைக் கூட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு குறையவில்லை. நான் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்படீன்னா துடைக்கிற துணியிலதான் இருக்கோணும்" என்று சொல்லி, துடைப்பானைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து நர்ஸ்கள். மூலையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு, யார் எப்போது கை கழுவுகிறார்கள் என்று இரண்டு நாள் குறித்தேன். ஒருத்தியாவது மாட்டுவாள் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியும் மாட்டவில்லை. சோப்பு, கழுவுதல், வெந்நீர், துடைத்தல், பிறகு நோயாளி. எல்லாம் அதனதன் வரிசையில் நடந்தது. ஒவ்வொரு முறையும் நான் 'சரி' என்று கோடு போட்டேன். படிவம் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துப் பெருமைப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் வந்த நாளிலிருந்து அந்தக் கணவர் வேறு என் எரிச்சலைக் கிளப்பினார். தினமும் நாலு மணிக்குச் சரியாக வருவார். எஸ்டேட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிற மனிதர். வந்து படுக்கையின் கால்மாட்டில் நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். அரை மணி நேரமும் அப்படியே நின்றுவிட்டுப் போவார். அந்தப் பெண்ணுக்கு அப்போது மயக்க மருந்தைக் குறைத்திருந்தோம். கண் பாதி திறந்திருக்கும், வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது, விரல்கள் மட்டும் போர்வையைத் தடவித் தடவி எதையோ தேடும். இவர் பார்த்துக்கொண்டு நிற்பார். கட்டிய மனைவி இப்படிக் கிடக்கிறாள், ஒரு விரல் தொட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கழுவிட்டுத் தொடலாமுங்க" என்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். "இருக்கட்டுங்க" என்றார். கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் எழுதிவைத்துவிட்டேன்.

பரிசோதனை முடிவு வந்து இரண்டு நாள் கழித்து, அவர் வழக்கம்போல வந்து நின்றார். கை பின்னால், கண் மட்டும் சுற்றிலும் போய்க்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் கை கழுவி, பேசினில் நனைத்து, துடைத்துக்கொண்டு வந்து அவர் மனைவியின் குழாயைச் சரிசெய்தாள். அவள் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமுங்களா? அந்தத் தண்ணிய எத்தன நேரத்துக்கொருக்கா மாத்துவீங்க?"

"எந்தத் தண்ணி?"

"அந்த நீலப் பேசினுத் தண்ணிங்க."

"ஆறிப்போச்சுன்னா மேல கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக்குவாங்க."

"பழசக் கீழ கொட்டறதில்லீங்களா?"

இந்தக் குளிரில் வெந்நீரை யார் கொட்டுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் பாதியில் நின்றுவிட்டது.

தப்பாகப் பேசிவிட்டோம் என்று அவர் பயந்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். பேக்டரியில அரைச்ச இலையப் பதத்துக்கு வெக்கற ட்ரம்முல எனக்கு வேலைங்க. அது வெதுவெதுன்னே இருக்குமுங்க. ஒரு ஷிப்டு கழுவாம உட்டா, இல்லீன்னா பழசு மேலயே புதுசப் போட்டுட்டா, மக்யா நாளு தூள்ல ஒரு புளிச்ச வாடை வந்துருமுங்க. டீ ருசி பாக்கறவரு ஒரு வாயி வெச்சாலே கண்டுபுடிச்சுருவாருங்க. அதான் கேட்டனுங்க."

நான் நேராகப் பேசினிடம் போனேன். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீருக்குக் கீழே உள்பக்கத்தை விரலால் தடவினேன். வழுவழு என்று இருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது பயம். வெட்கம் பிறகு வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், நாள் முழுவதும் பத்து ஜோடிக் கைகள், எப்போதும் முழுதாகக் காலியாகாத பாத்திரம். ஈரம் எங்கே என்று ஊரெல்லாம் குச்சியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், தினமும் பத்து முறை அதற்குள்ளேயே கையை விட்டிருக்கிறேன். படிவத்தில் 'சரி' என்று கோடு வேறு போட்டிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பேசினை அங்கே கொண்டுவந்து வைத்ததே நான்தான். கிருமித் தடுப்புக்கு வருவதற்கு முன்னால், நான் அதே பிரிவில் சாதாரண நர்ஸாக இருந்த காலம். ஒரு வயதானவர் என் கை பட்டதும் துள்ளி விழுந்து, "கொல்றயே தாயி" என்று கத்தினார். மறுநாள் வீட்டிலிருந்து பேசினைக் கொண்டுவந்தேன். அப்போது ஷிப்டுக்கு ஷிப்டு நானே தண்ணீரைக் கொட்டிக் கழுவி வைப்பேன். அந்த வருட ஆண்டு விழாவில், நோயாளியின் மேல் இவ்வளவு கரிசனமா என்று பாராட்டி எனக்கு ஒரு எவர்சில்வர் தட்டுக்கூடக் கொடுத்தார்கள். பிறகு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன், பேசின் அங்கேயே இருந்தது. கொட்டிக் கழுவுவது எப்போது மேலே ஊற்றுவதாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. அது எங்கள் வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுச் சாமானை யாராவது சந்தேகப்படுவார்களா?

அன்றைக்கே தண்ணீரில் கொஞ்சம் சீசாவில் எடுத்து மூடி வைத்துவிட்டு, பேசினை அப்புறப்படுத்தினேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நானுந்தான தெனமும் முக்கறேன் சிஸ்டர்" என்றார். மூன்றாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. தண்ணீரில் நம்ம ஆள் இருந்தான். மூன்று நோயாளிகளிடமும் எந்தெந்த மருந்துக்கு மசியவில்லையோ, அதே மருந்துகளுக்குத்தான் இவனும் மசியவில்லை.

ஓய்வறையில் எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். பேசினைக் கொண்டுவந்தது யார் என்பதையும் சொன்னேன். பாதிப் பேருக்கு அது தெரியாது. பிறகு ஸ்வெட்டர் கையை வெட்டிக்கொண்டு வந்தாளே, அந்தப் பெண், "நல்ல ஸ்வெட்டரு சிஸ்டர் அது, எங்கம்மா பின்னுனது. அதப் போயி வீணா வெட்டிட்டனே" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. தரை துடைக்கும் அக்காவிடம் தனியாகப் போய், "உங்கள வீணா வைஞ்சுட்டனுங்க அக்கா" என்றேன். "வைஞ்சதுகூடப் பரவால்லீங்க. மாப்பத் தூக்கி மோந்து பாத்தீங்க பாருங்க, அதுதா பொறுக்கல" என்றார். மண்டிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் டாக்டரும் நானும் சேர்ந்து போன் செய்து உள்ளதைச் சொன்னோம். குமாஸ்தா கோபப்பட்டார். கோபப்படட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது. ஒரே வாரத்தில் தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கீசர் மாட்டினார்கள். இப்போது குழாயிலேயே வெதுவெதுப்பான தண்ணீர் ஓடிவருகிறது, ஓடிப் போய்விடுகிறது.

நாலாவது படுக்கைப் பெண்ணின் கணவரிடம் மட்டும் நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். டாக்டர் தானே சொல்வதாகச் சொன்னார், நான் விடவில்லை. நான் சொல்லவும் இல்லை. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு அந்த ஒல்லி மனிதரைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் நாலு மணிக்கு வந்தார், பேசின் இல்லாத இடத்தை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அந்தப் பெண் தோட்டத்தில் மழையிலும் பனியிலும் உரமேறிய உடம்புக்காரர். மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் தாக்குப்பிடித்தது, பையில் கணிசமாகச் சேர்ந்திருந்த ஒரு காலையில் நான் அந்தப் பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றதாக நர்ஸ்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். இயந்திரத்தின் உதவியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலை டாக்டர் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார். அந்தப் பெண் இருமினார், இருமினார், பிறகு தானாக மூச்சு விட்டார். வெளியே பனிமூட்டம் விலகி நல்ல வெயில் அடித்தது. அன்றைக்குப் பூராவும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலு மணிக்குக் கணவர் வந்தார். உள்ளே விடாமல் கதவருகிலேயே நிறுத்தினேன். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை.

"கொழாய எடுத்தாச்சுங்க. நல்லா மூச்சு உடறாங்க. ஆனா உள்ள போறதுக்கு முன்னால நா ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "அவங்களுக்கு வந்த காய்ச்சலு எங்களாலதானுங்க வந்துது. அந்த நீலப் பேசினுத் தண்ணியில கிருமி இருந்துச்சு. எங்க கை வழியா அவங்களுக்குப் போயிருக்குது. அந்தப் பேசின இங்க கொண்டாந்து வெச்சதே நாந்தானுங்க. நீங்க கேட்ட அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. என்ன மன்னிச்சுக்கங்க."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தட்டும் என்றுதான் நின்றேன். அவர் கைகளை முன்னால் கொண்டுவந்து, உள்ளங்கையை ஒரு முறை, புறங்கையை ஒரு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கையில இருந்து போகலீங்களா?"

எனக்குப் புரியவில்லை. "உங்க கையா?"

"மொத நாளு நா நெத்தியத் தொட்டனுங்க. கறை போகாம இருக்கறதப் பாத்துட்டு, வெளிய இருந்து வர்ற கைதான் எமன்னு நீங்க சொன்னீங்கல்லொ. அஞ்சாம் நாளு காய்ச்சலுன்னு சொன்னாங்க. நாந்தான் குடுத்துட்டன்னு நெனச்சனுங்க. அதுக்கப்பறந் தொடலீங்க. அவ வெரல ஆட்டி ஆட்டிக் கூப்புட்டா. நா கையக் கட்டிக்கிட்டே நின்னுட்டனுங்க."

பத்து நாள். அதில் கடைசி இரண்டு நாள், எனக்கு உண்மை தெரிந்த பிறகும். இந்த மனிதரைத்தான் கல்நெஞ்சக்காரர் என்று நான் எழுதிவைத்திருந்தேன். "இல்லீங்க" என்றேன். "உங்க கையில ஒண்ணுமே இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

அவர் தொட்டியிடம் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். சோப்புப் போட்டார், கழுவினார், மறுபடியும் சோப்புப் போட்டார். நக இடுக்கை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கறை அப்படியேதான் இருந்தது. நாலாவது முறை சோப்புக்குக் கை நீட்டியபோது நான் போய்க் குழாயை மூடினேன். "போதுமுங்க, போங்க" என்றேன். கழுவியது போதும் என்று என் வாழ்நாளில் நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கால்மாட்டில் நிற்கவில்லை. தலைமாட்டுக்குப் போய் மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். குழாய் எடுத்த தொண்டை, குரல் காற்றாகத்தான் வந்தது.

"இத்தன நாளா எங்கீங்க போயிருந்தீங்க?"

"இங்கதான் புள்ள நின்னுட்டிருந்தன்" என்றார் அவர்.

நாலரைக்கு மணி அடித்தது. மற்றவர்கள் எல்லாரும் கிளம்பினார்கள். நான் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் போட்டேன்.